உங்கள் பெயர் எந்தக் கணனியில் இருக்கிறது?

(விட்பியில் புதிதாக வந்தோருக்காக நடந்த தகவல் ஒன்றுகூடலில் எமது தொண்டர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கூட்டம் தொடங்க முதல், தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றபோது ஒரு தம்பி என்னைத் தனியக் கூப்பிட்டுக் கேட்டார். "அண்ணை, இங்க ஒரு இடத்தில பேர் குடுத்தால் எல்லாக் கணனியிலயும் வந்திடுமாம். பிறகு இமிகிரேசனுக்கும் போயிடுமாம், ஊருக்கும் போயிடுமாம். உண்மையோ?" நான் அவருக்கு உடனே பதில் சொல்லவில்லை. ஏனென்றால் இது அவருடைய கேள்வி மட்டுமல்ல. இங்கே இருக்கிற உங்களில் பலர் இதே கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு கேட்காமல் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆகவே இன்றைக்கு நான் கதைக்கப் போவது முழுக்க அந்தத் தம்பிக்கான பதில்தான்.

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்குள்ள சமூக சேவை நிறுவனங்கள் பல சேர்ந்து சில கணனி வலையமைப்புகளைப் பொதுவாகப் பாவிக்கின்றன. அது உண்மை. ஆனால் எல்லாம் ஒரே வலை அல்ல. எதில் என்ன இருக்கிறது, யார் பார்க்கலாம், எந்த இடத்தில் நீங்கள் "வேண்டாம்" என்று சொல்லலாம் என்பது தெரிந்தால் பயம் குறையும். தெரியாவிட்டால் பயத்தில் பிழை விடுவோம். அந்தப் பிழைதான் வழக்கைக் கெடுக்கும்.

நான் விட்ட பிழை

நான் 1991இல் வந்தவன். வந்த புதிதில் ஒரு உணவு வங்கிக்கும், அதோடு சேர்ந்த ஆலோசனை நிலையத்துக்கும் போனேன். பேர் கேட்டார்கள். ஊரில் பேர் குடுத்துக் குடுத்து நாங்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். அந்தப் பயத்தில் வேறொரு பேரைச் சொன்னேன். பிறந்த திகதியையும் மாற்றிச் சொன்னேன். ஏழெட்டு மாதம் அங்கே போய் வந்தேன். நித்திரை இல்லாதது, கனவில் கத்தி எழும்புவது எல்லாவற்றையும் அங்கே இருந்த ஒரு அம்மாவிடம் சொன்னேன். அவ கவனமாக எழுதி வைத்தா.

விசாரணை நெருங்கியபோது என் சட்டத்தரணி சொன்னார், உதவி பெற்ற இடத்தில் இருந்து ஒரு கடிதம் வாங்கி வரும்படி. போனேன். அந்த அம்மா வேலை மாறிப் போய்விட்டா. புதிதாக இருந்தவர் அட்டைப் பெட்டி முழுக்கத் தேடினார். என் பேரில் ஒன்றும் இல்லை. எப்படி இருக்கும்? மாற்றிச் சொன்ன பேரைச் சொல்லவும் வெட்கம். "ஒரு இடத்தில் பொய் சொன்னவன் மற்ற இடத்திலும் சொல்லியிருப்பான்" என்று நினைப்பார்களே என்ற பயம் வேறு. கடிதம் இல்லாமல்தான் விசாரணைக்குப் போனேன். வேறு ஆதாரங்கள் இருந்தபடியால் தப்பினேன். அந்த நிலையத்தில் ஒரு குறையும் இல்லை. பிழை என்னுடையது.

அப்போது அட்டைப் பெட்டி. இப்போது கணனி. அவ்வளவுதான் வித்தியாசம்.

பங்குக் கிணறு போல

இந்தப் பொது வலையமைப்பு என்றால் என்ன? யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு விளங்கப்படுத்துவது சுகம். எங்கட ஊரில் பங்குக் கிணறு இருக்கிறது. தனித்தனியாகக் கிணறு வெட்ட ஒருவரிடமும் காசில்லை. நாலைந்து குடும்பம் சேர்ந்து ஒன்றை வெட்டும். ஒவ்வொருவருக்கும் பங்கு உண்டு. தண்ணீர் இறைக்க முறை உண்டு. காணி உறுதியிலேயே கிணற்றுப் பங்கும் வாய்க்காலும் எழுதப்பட்டிருக்கும். யார் இறைக்கலாம், யார் இறைக்கக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும்.

கணனி வலையமைப்பும் அப்படித்தான் தொடங்கியது. அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரத்தில் ரொம் கிரண்ட்னர் என்ற ஆசிரியர் 1984இல் ஒரு கணனியைத் தொலைபேசியோடு இணைத்து, பொதுமக்கள் வைத்தியர்களிடம் கேள்வி கேட்க வழி செய்தார். அது வளர்ந்து 1986இல் கிளீவ்லாந்து ஃப்ரீநெற் ஆனது. இலாப நோக்கம் இல்லை. பாவிப்பவரிடம் காசு வாங்கவில்லை. கனடாவில் 1992இல் விக்ரோறியாவிலும், 1993இல் ஒட்டாவாவிலும், அதற்குப் பிறகு ரொறன்ரோவிலும் இதே மாதிரியான ஃப்ரீநெற் வந்தது. நூல்நிலையம், பல்கலைக்கழகம், தொண்டு நிறுவனங்கள் எல்லாம் ஒரே கணனியில் தங்கள் தகவலை வைத்தன. பிறகு மத்திய அரசு 1995 அளவில் இருந்து 2012 வரை நூல்நிலையங்களிலும் சமூக நிலையங்களிலும் இலவச இணைய வசதி வைக்க உதவிப் பணம் கொடுத்தது. அந்தத் திட்டம் நின்றுவிட்டது. நூல்நிலையக் கணனிகள் நிற்கவில்லை. இன்றைக்கும் நீங்கள் போய் இருக்கலாம்.

இது வெள்ளைக்காரரின் விடயம் என்று நினைக்க வேண்டாம். தமிழ்க் கடற்கரையிலும் இப்படியொன்று நடந்தது. 1998இல் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் நிலையங்களைத் தொடங்கியது. வில்லியனூரில் ஒரு நடு நிலையம். சுற்றியுள்ள கிராமங்களில் சிறிய நிலையங்கள். தொலைபேசிக் கம்பி சரிவராத இடத்தில் ரேடியோ அலை மூலம் இணைத்தார்கள். கிராமம் இடம் கொடுக்க வேண்டும், எல்லாச் சாதியினரும் வந்து போகக்கூடிய இடமாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. வீராம்பட்டினம் மீனவர்களுக்கு அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளத்தில் இருந்து அலையின் உயரத்தை எடுத்து, தமிழில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். எழுத வாசிக்கத் தெரியாதவருக்கும் அது போய்ச் சேர்ந்தது.

2004 டிசம்பர் 26. சுனாமி. நல்லவாடு என்ற கிராமத்துப் பெடியன் ஒருவர் சிங்கப்பூரில் இருந்து ஊருக்குத் தொலைபேசி எடுத்து எச்சரித்தார். ஊரவர்கள் அந்தத் தகவல் நிலையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். சனம் ஓடியது. சுமார் 3,600 பேர் இருந்த கிராமம். வீடும் வள்ளமும் போயின. உயிர் தப்பியது. அன்றைக்குக் கணனி பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. ஒலிபெருக்கி எங்கே இருக்கிறது என்று ஊருக்கு முன்னரே தெரிந்திருந்தது. அதுதான் விடயம். உங்களுக்கும் நான் சொல்வது அதுதான். ஆபத்து வந்த பிறகு தேடாமல், எந்த உதவி எங்கே இருக்கிறது என்று இப்போதே தெரிந்து வைத்திருங்கள்.

இனி விட்பிக்கு வருவோம்.

முதலாவது: 211

இது சேவைகளைப் பற்றிய வலை. உங்களைப் பற்றிய வலை அல்ல. தொலைபேசியில் 2, 1, 1 என்று மூன்று இலக்கம் அடித்தால் போதும். ரொறன்ரோவில் 2002இல் தொடங்கியது, கனடாவிலேயே முதலாவது. ரொறன்ரோ, டர்ஹம், பீல், யோர்க் பகுதிகளில் உள்ள நிறுவனங்களின் விபரம் எல்லாம் ஒரே பொதுத் தரவுத் தளத்தில் இருக்கிறது. உணவு எங்கே, உடுப்பு எங்கே, இலவசச் சட்ட உதவி எங்கே, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எப்படி என்று கேட்கலாம். 24 மணி நேரமும் எடுக்கலாம். காசில்லை. ஆங்கிலம் வராது என்று கூச்சப்பட வேண்டாம். எடுத்தவுடன் "டமில் பிளீஸ்" என்று சொல்லி, வைக்காமல் காத்திருங்கள். மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். உங்கள் முழுப்பேர் சொல்லத் தேவையில்லை. எந்த ஊரில் இருக்கிறீர்கள், என்ன தேவை என்று சொன்னால் போதும்.

ஒன்றைக் கவனியுங்கள். விட்பி ரொறன்ரோ மாநகரத்துக்குள் இல்லை. இது டர்ஹம் பிராந்தியம். பிக்கரிங், ஏஜக்ஸ், விட்பி, ஒஷாவா உட்பட எட்டு நகரசபைகள் சேர்ந்தது. பிராந்தியத்தின் தலைமைக் கந்தோர் இங்கே விட்பியில்தான், ரொஸ்லண்ட் வீதி கிழக்கில் இருக்கிறது. ஸ்காபரோவில் இருக்கும் மாமா சொல்லும் விலாசம் உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். 211க்கு எடுக்கும்போது "விட்பி" என்று முதலே சொல்லுங்கள்.

இரண்டாவது: நூல்நிலையக் கணனி

விட்பி மத்திய நூல்நிலையம் டண்டாஸ் வீதி மேற்கில், 405ஆம் இலக்கத்தில் இருக்கிறது. அங்கே கணனி இருக்கிறது, இணையம் இருக்கிறது. அட்டை எடுக்க என்ன கடிதம் வேண்டும் என்று மேசையில் கேளுங்கள். உங்கள் அகதிக் கோரிக்கைப் பத்திரத்தையும், விலாசம் உள்ள ஏதாவது ஒரு கடிதத்தையும் கொண்டு போங்கள்.

ஆனால் அது பொதுக் கணனி. உங்களுக்குப் பிறகு வேறொருவர் அந்தக் கதிரையில் இருப்பார். ஆகவே உங்கள் கதையை எழுதிய பத்திரத்தை அந்தக் கணனியில் சேமித்து வைக்க வேண்டாம். மின்னஞ்சலைத் திறந்தால் வெளியேறிவிட்டுத்தான் எழும்ப வேண்டும். "கடவுச்சொல்லை நினைவில் வைக்கவா?" என்று கேட்டால் "வேண்டாம்" என்று அழுத்துங்கள். அச்சடித்த தாளை இயந்திரத்தில் மறந்து விட்டுப் போகாதீர்கள்.

இன்னொன்று. இப்போது உள்நாட்டில் இருந்து அகதிக் கோரிக்கை வைப்பவர்கள் இணையம் மூலமாகத்தான் வைக்கிறார்கள். அதற்கு ஒரு மின்னஞ்சல் வேண்டும். பலருக்கு வந்த புதிதில் வேறு யாரோ மின்னஞ்சல் திறந்து கொடுக்கிறார்கள். கடவுச்சொல் அவரிடமே இருக்கும். பிறகு அவரோடு கோபம் வந்தால், அல்லது அவர் காசு கேட்டால், உங்கட வழக்குக் கடிதம் அவரிடம் மாட்டிக்கொள்ளும். இன்றைக்கே கடவுச்சொல்லை மாற்றுங்கள். எப்படி என்று தெரியாவிட்டால் கூட்டம் முடிய என்னிடம் வாருங்கள். நான் உங்கள் பக்கத்தில் இருந்து காட்டித் தருவேன். அடிக்கும்போது நான் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

மூன்றாவது: உங்களைப் பற்றிய வலை

தம்பி கேட்டது இதைத்தான். தங்க இடமில்லாமல் ஒரு தங்குமிடத்துக்கோ, வீட்டு உதவி நிறுவனத்துக்கோ போனால் உங்கள் விபரத்தை ஒரு பொதுக் கணனி முறையில் பதிவார்கள். டர்ஹமில் அதன் பெயர் ஹைஃபிஸ். மத்திய அரசு செய்து கொடுத்த மென்பொருள் அது. இந்தப் பிராந்தியத்தில் வீடற்றோருக்கு உதவும் நிறுவனங்கள் சேர்ந்து பாவிக்கின்றன. எங்கட பங்குக் கிணறு இதுதான்.

இதனால் உங்களுக்கு என்ன நன்மை? ஒவ்வொரு கதவிலும் அதே துயரக் கதையைத் திருப்பித் திருப்பிச் சொல்லத் தேவையில்லை. வீடு தேவைப்படுவோரின் பெயர்ப் பட்டியல் ஒன்று இருக்கிறது. வீடோ வாடகை உதவியோ வரும்போது அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் யாருக்கு அவசரம் என்று முடிவு எடுப்பார்கள். பட்டியலில் உங்கள் பேர் இல்லை என்றால் நீங்கள் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

யார் பார்ப்பார்கள்? அந்த முறையில் பங்கு கொண்ட நிறுவனங்களின் பணியாளர்கள். மத்திய அரசுக்குப் போவது பேர் நீக்கிய தொகைக் கணக்கு. இது குடிவரவுத் திணைக்களத்தின் கணனி அல்ல. ரொறன்ரோ மாநகரம் தன் தங்குமிடங்களுக்கு வேறொரு முறை வைத்திருக்கிறது. ஆகவே அங்கே பதிந்தேன், இங்கேயும் தெரியும்தானே என்று சும்மா இருந்துவிட வேண்டாம்.

பதிவதற்கு முன் ஒரு சம்மதப் பத்திரம் தருவார்கள். பேனையைத் தந்தவுடன் கையெழுத்து வைக்க வேண்டாம். இந்த ஐந்து கேள்வியையும் கேளுங்கள். ஒரு தாளில் எழுதிப் பொக்கற்றில் வையுங்கள்.

1. இந்த விபரத்தை எந்தெந்த நிறுவனம் பார்க்கும்?
2. என்னென்ன விபரம் போகும்? பேரும் வயதும் மட்டுமா, நான் சொன்ன கதையும் போகுமா?
3. கையெழுத்து வைக்காவிட்டால் இன்றைக்கு எனக்கு உதவி கிடைக்குமா? எது கிடைக்காமல் போகும்?
4. பிறகு மனம் மாறினால் எப்படி நிறுத்துவது?
5. இதன் பிரதி ஒன்று எனக்குத் தர முடியுமா?

கேட்டால் கோபிப்பார்கள் என்று நினைக்காதீர்கள். இந்த நாட்டில் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. விளங்காமல் வைத்த கையெழுத்தைவிட, நாளைக்கு வந்து வைக்கிறேன் என்று சொல்வது நல்லது.

இன்னுமொரு பயம் இருக்கிறது. அதை ஒருவரும் சத்தமாகச் சொல்வதில்லை. அரசாங்கத்தைவிட "எங்கட ஆட்கள்" பார்த்துவிடுவார்களோ என்ற பயம். அடிக்கிற கணவனிடம் இருந்து வெளியே வந்த தங்கச்சிக்கு, அந்த நிறுவனத்தில் கணவனின் உறவினர் வேலை செய்தால் என்ன ஆகும்? பகிடி இல்லை, நடக்கக்கூடியது. அப்படி இருந்தால் முதல் நாளே சொல்லுங்கள்: "என் விபரத்தை இன்னார் பார்க்கக்கூடாது, மற்ற நிறுவனங்களோடு பகிரவும் வேண்டாம், வேறு மொழிபெயர்ப்பாளர் வேண்டும்." உங்கள் பாதுகாப்புக்காகக் கேட்கிறீர்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. வைத்தியரிடம் சொன்ன விடயத்துக்கு ஒன்ராறியோவில் 2004ஆம் ஆண்டின் சுகாதாரத் தகவல் பாதுகாப்புச் சட்டம் காவல் இருக்கிறது. அங்கேயும் என் குறிப்பை இன்னாருக்குக் காட்ட வேண்டாம் என்று சொல்லலாம்.

உண்மையையும் சொல்ல வேண்டும். இரகசியத்துக்கு எல்லை உண்டு. ஒரு பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால், ஒருவரின் உயிருக்கு ஆபத்து என்றால், நீதிமன்றம் கட்டளையிட்டால், பணியாளர் வாய் மூடி இருக்க முடியாது.

குடிவரவின் வலை வேறு

உங்கள் அகதிக் கோரிக்கை குடிவரவுத் திணைக்களத்திடமும், எல்லைச் சேவையிடமும், குடிவரவு அகதிகள் சபையிடமும் இருக்கிறது. அகதி விசாரணை பொதுமக்களுக்குத் திறந்ததல்ல. மூடிய கதவுக்குள் நடப்பது. ஆனால் உங்கள் கைரேகையைக் கனடா அமெரிக்கா, பிரித்தானியா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒப்பந்தம் இருக்கிறது. வழியில் அங்கே எங்காவது கைரேகை கொடுத்திருந்தால் சட்டத்தரணியிடம் மறைக்க வேண்டாம். அவருக்கு முதலே தெரிந்தால் விளங்கப்படுத்த முடியும். விசாரணை அறையில் தெரியவந்தால் கஷ்டம்.

தொண்டு நிறுவனத்தில் விலாசம் மாற்றினால் அது சபைக்குத் தானாகப் போகாது. இதுதான் எல்லோரும் விடுகிற பிழை. "அங்க சொன்னனான்தானே" என்பார்கள். வலைகள் வேறு வேறு. வீடு மாறினால் சபைக்குத் தனியாக, குடிவரவுக்கும் எல்லைச் சேவைக்கும் தனியாக அறிவிக்க வேண்டும். விசாரணைக் கடிதம் பழைய விலாசத்துக்குப் போய், நீங்கள் வராவிட்டால், கோரிக்கையைக் கைவிட்டதாக முடிவு செய்யலாம். உங்கள் பத்திரத்தில் போட்டிருக்கும் கடைசித் திகதிகளை இன்றிரவே ஒரு கலண்டரில் வட்டம் போடுங்கள்.

ஒரே பேர், ஒரே எழுத்து

கடைசியாக, பேர். எங்கட பேரை ஆங்கிலத்தில் பத்து விதமாக எழுதலாம். "சிவா" என்பதை "வி" எழுத்திலும் எழுதலாம், "டபிள்யூ" எழுத்திலும் எழுதலாம். தகப்பன் பேர் எது, சொந்தப் பேர் எது என்று பதிபவருக்குத் தெரியாது. ஒரு இடத்தில் முன்னும் பின்னும் மாறிவிட்டால் கணனிக்கு நீங்கள் இரண்டு ஆட்கள். ஒருவருக்கு வந்த கடிதம் மற்றவருக்கு வராது. ஆகவே உங்கள் அகதிக் கோரிக்கைப் பத்திரத்தில் எப்படி எழுதியிருக்கிறதோ, அதே எழுத்தை எல்லா இடத்திலும் காட்டிப் பதியுங்கள். வாயால் சொல்ல வேண்டாம், பத்திரத்தைக் காட்டுங்கள். பத்திரத்திலேயே பிழை இருந்தால் சட்டத்தரணியிடம் உடனே சொல்லுங்கள்.

சட்டத்தரணி இல்லாதவர்கள் லீகல் எயிட் ஒன்ராறியோவுக்கு எடுங்கள்: 1-800-668-8258. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். காசுக்குப் பத்திரம் நிரப்பித் தருகிறேன் என்று வருபவரிடம் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாதவரிடம் உங்கள் கதையையும் கடவுச்சொல்லையும் கொடுத்துவிடாதீர்கள். நிறுவனத்தில் பேர் குடுக்கப் பயப்படுகிற நாங்கள், முன்பின் தெரியாத முகவரிடம் எல்லாவற்றையும் குடுத்துவிடுகிறோம்.

தம்பி, உங்கட கேள்விக்குப் பதில் இதுதான். உங்கள் பேர் இங்கே சில கணனிகளில் இருக்கும். அதில் சிலவற்றில் நீங்கள் சம்மதித்தால்தான் இருக்கும். எங்கே இருந்தாலும் அது உங்கள் சொந்தப் பேராக, சரியான பேராக இருக்கட்டும். நான் தேடிப் போன நாளில் என் பேர் ஒரு பெட்டியிலும் இல்லை. உங்களுக்கு அப்படி வரக்கூடாது.

மேசையில் ஐந்து கேள்வியும் எழுதிய தாள் இருக்கிறது. ஆளுக்கு இரண்டு எடுங்கள். ஒன்று உங்களுக்கு. மற்றது, இன்றைக்கு இங்கே வரப் பயந்து வீட்டில் இருப்பவருக்கு.